அலை வேண்டும், கூட்டம் வேண்டாம்: குமரிக் கரையில் எங்கே போகலாம்?

நாகர்கோவிலில் வீடு இருப்பவர்களை வெளியூர் நண்பர்கள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முக்கடல் சங்கமத்தைப் பார்த்தாயிற்று, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்க் கண்ணாடிப் பாலத்திலும் நடந்தாயிற்று. இனிக் கூட்டமில்லாத, அலை நன்றாக அடிக்கிற கடற்கரை பக்கத்தில் எது? சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்திலோ கேரளத்து வர்க்கலையிலோ சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டு, பழகியவர்களாக இருந்தால் கேள்வி கொஞ்சம் மாறும்: பலகையைக் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறோம், எந்தக் கரையில் இறங்கலாம்?

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தைக் கைகாட்டிவிடுகிறவர்கள் அதிகம். அப்படிக் காட்ட முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்கே ஆரோக்கியபுரம் தொடங்கி மேற்கே நீரோடி வரை சுமார் 70 கி.மீ. நீளும் இந்தக் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. ஓர் ஊரின் தேவாலயக் கோபுரம் கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்த ஊரின் கோபுரம் தெரியும். ஆகவே ஆளரவமற்ற கரை என்று இங்கே தேடினால் கிடைக்காது. கிடைப்பது ஆளற்ற தண்ணீர். கரையில் வலை காய்கிறது, வள்ளங்கள் கிடக்கின்றன, பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள்; அலைக்குள் மட்டும் ஒருவரும் இல்லை. பிறந்த நாள் முதல் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஓர் இடத்தில் குளிப்பதில்லை என்றால், அதன் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே நாம் இறங்க வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் காரணத்தைச் சுற்றியதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கரையின் சரிவு. கடலடி மெல்ல மெல்ல ஆழமாகும் இடத்தில் அலை தொலைவிலேயே நுரைத்து, சரிந்து, நீளமாக ஓடி வரும். பலகையில் ஏறிப் பழகுவதற்கு ஏற்றது அதுதான். கரை செங்குத்தாக இறங்கும் இடத்தில் அலை காலடி வரை நுரைக்காமல் வந்து, ஒரே அடியாக மணலில் விழும். அரிசி மூட்டையை மாடியிலிருந்து போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும் கரையில் பலகைக்கு வேலையில்லை. கழுத்துக்கும் தோளுக்கும்தான் ஆபத்து. ஒரே கரை தை மாதத்தில் மெல்லச் சரிந்தும் ஆடி மாதத்தில் செங்குத்தாக அரிபட்டும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, இழுப்பு. கரைக்கு ஏறி வந்த தண்ணீர் திரும்பிப் போவதற்கு ஒரு வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளம் இருக்கும் இடத்தில் அது ஆறுபோல் கடலை நோக்கி ஓடும். பாறை ஓரத்திலும், அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இழுப்பை எப்போதும் எதிர்பார்க்கலாம். இதில் உள்ள வஞ்சகம், இழுப்பு இருக்கும் இடம்தான் பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும் என்பது. இருபுறமும் அலை நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையின்றிக் கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு நேராக அங்கேதான் போவார்கள். ஒரு காய்ந்த தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, அதில் எறிந்து பாருங்கள். கரைக்குத் திரும்பி வராமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் விஷயம் தெரிந்துவிடும். தென்னந்தோப்புகள் உள்ள ஊரில் கதம்பைக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, பருவம். இதைத் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

நான்காவது, தூக்கிவிட யார் இருக்கிறார்கள் என்பது. நீச்சல் தெரிந்த காவலர்கள் நாள் முழுவதும் நிற்கும் கரைகள் அல்ல இவை. ஆபத்து நேர்ந்தால் முதலில் குதிப்பவர்கள் மீனவர்கள். அவர்கள் கரையில் இருக்கும் நேரம் எது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

ஐந்தாவதாகப் போக்குவரத்து, சாப்பாடு, உடை மாற்ற இடம், கழிப்பறை. பயணக் குறிப்புகளில் பெரும்பாலும் இவை மட்டும்தான் இருக்கும் என்பதால் நான் சுருக்கமாகவே தொடுகிறேன்.

அவசரக்காரர்களுக்காக ஒரு பட்டியல்:

| இடம் | கடலின் குணம் | யாருக்கு | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| சொத்தவிளை, சங்குத்துறை | நீண்ட மணல், இடம் மாறும் இழுப்பு | ஓரளவு தேறியவர்கள், நடக்க வருபவர்கள் | நிழல் குறைவு, திரும்பும் வாகனம் |
| கணபதிபுரம் லெமூர் | வேகமான அலை, வலுவான இழுப்பு | மாலையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் | விடுமுறை நாள் கூட்டம் |
| முட்டம் | பாறைகளுக்கு இடையே அலை | அனுபவசாலிகள், படம் எடுப்பவர்கள் | கிழியும் தோல், உடையும் பலகை |
| தேங்காய்ப்பட்டணம் | பொழிமுகம், துறைமுகச் சுவர் | கரையில் நிற்பவர்கள் மட்டும் | தூரம் |
| வட்டக்கோட்டை | மேற்கைவிட அடங்கிய கடல் | குழந்தைகள், முதியவர்கள் | அலை தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம் |

குளச்சலையும் மண்டைக்காட்டையும் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள கோவளத்தையும் இதில் சேர்க்கவில்லை. முதலாவது பெரிய மீன்பிடித்துறை. இரண்டாவது பகவதி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் நீராடும் கரை. மூன்றாவது நெருக்கமான மீனவ ஊர். மேலும், கோவளம் என்ற பெயரில் சென்னைப் பக்கம் ஒன்று, திருவனந்தபுரம் பக்கம் ஒன்று, குமரியில் ஒன்று என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. சர்ஃபிங் பள்ளி என்று கேள்விப்பட்டுவிட்டுக் குமரிக் கோவளத்தில் வந்து நின்று விழிப்பவர்கள் உண்டு.

## சொத்தவிளை, சங்குத்துறை

கன்னியாகுமரியிலிருந்து கடலோரச் சாலையில் மேற்கே வந்தால் மணக்குடியில் பழையாறு கடலில் கலக்கும் இடத்தைப் பாலத்தில் கடக்க வேண்டும். 2004 சுனாமி உடைத்துப் போட்டது இங்கிருந்த பழைய பாலத்தைத்தான். அதைத் தாண்டினால் சற்று நேரத்தில் சொத்தவிளை. நாகர்கோவிலிலிருந்து நேராக வந்தால் பத்துப் பன்னிரண்டு கி.மீ. மேற்கே அடுத்தாற்போல், கரையில் பெரிய வெள்ளைச் சங்கு நிற்கும் சங்குத்துறை.

நான்கு கி.மீ. அளவுக்குத் தடையில்லாத மணல் என்பது இந்த மாவட்டத்தில் அபூர்வம். மற்ற இடங்களில் நூறு அடி நடப்பதற்குள் கருங்கல் சுவர் குறுக்கே வந்துவிடும். சர்ஃபிங்குக்கு இங்கே நல்ல பக்கம் அதுதான்: இறங்குவதற்கு முன் கரையோரமாக ஒரு கி.மீ. நடந்து, மணல் திட்டு எங்கே இருக்கிறது, இழுப்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்து இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பார்க்கிங்குக்கு நேர் எதிரே இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் போன மாதம் நண்பர் இறங்கிய இடத்திலேயே நீங்களும் இறங்காதீர்கள். மணல் திட்டு நகர்ந்திருக்கும். இழுப்பும் அதோடு நகர்ந்திருக்கும்.

சுற்றுலாக் கையேடுகள் சொத்தவிளையை ஆழம் குறைந்த கடல் என்று வர்ணிப்பது வழக்கம். தை, மாசியில் ஒரு காலை நேரத்தில் அது ஓரளவு உண்மையாகத் தெரியும். ஆனியில் வந்து பார்த்தால் எழுதியவர் எந்த ஊர்க் கடலைப் பார்த்தார் என்று சந்தேகம் வரும். அந்த வரியை நம்பிக் குடும்பத்தோடு இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நிற்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதற்றம். பலகையோடு வருகிறவர் கடலைக் கொஞ்ச நேரமாவது பார்த்துவிட்டு இறங்குவார். கைகோத்து நிற்பவர்கள் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு செல்பேசியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வசதி என்று பார்த்தால் கட்டடங்கள் இருக்கின்றன. கட்டடம் இருப்பதும் அது திறந்திருப்பதும் வேறு வேறு விஷயம். உடை மாற்றுவதற்கு வண்டியையே நம்புங்கள். காலை 9 மணிக்கு மேல் மணல் சுடும். தண்ணீரும் சாப்பாடும் கையில் கொண்டுவருவது நல்லது. பஸ் உண்டு, ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆட்டோவில் வருபவர்கள் திரும்பிப் போகவும் அதே ஆட்டோவைப் பேசிக்கொள்ள வேண்டும். ஆகவே வாடகையை இருமடங்காகவே கணக்கிடுங்கள்.

எப்போது இது சரியான தேர்வு: பலகையில் நிற்கத் தெரியும், இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியேறத் தெரியும், கூட ஒருவராவது இருக்கிறார் என்றால்.

## கணபதிபுரம் லெமூர் கடற்கரை

இராஜாக்கமங்கலம் வழியாகப் போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை குறுகிக்கொண்டே வந்து மணலில் முடியும். அழகில் இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் ஒரு கண்டத்தின் பெயரை யார் எடுத்து வைத்தார்களோ, பெயர் பிடித்துக்கொண்டுவிட்டது. செல்பேசியில் படங்கள் பரவிய பிறகு கூட்டமும் பிடித்துக்கொண்டது. வார நாளில் காலி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டி நிறுத்த இடமில்லை. கூட்டமில்லாத கரை என்று கேட்டு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2024 மே 6 அன்று இங்கே ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அன்று புயல் எதுவும் இல்லை. அந்த நாட்களில் நடப்பில் இருந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை. அண்டார்டிகாவுக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் பெருங்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து சில நாட்கள் கழித்து இந்தக் கரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி இருக்கும்; நாலைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்த பிறகு கடல் சில நிமிடங்கள் அடங்கிக் கிடக்கும். அந்த அடங்கிய நிமிடங்களில் வந்து சேர்கிறவர் கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவுகட்டி, பாறையிலோ ஈர மணலிலோ போய் நிற்கிறார். அடுத்த கூட்டம் அலைகள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவரையும் அடித்துப்போடும்.

ஆகவே எந்தக் கரையானாலும், இறங்குமுன் இருபது நிமிடமாவது உலர்ந்த மணலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், அலை உயர எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. உள்ளூர்த் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் அதைச் சொல்கின்றன. பயணத் திட்டத்தில் தங்கும் அறையைப் பதிவு செய்யும்போதே இதையும் ஒருமுறை பார்க்கலாம், காசு செலவில்லை.

எப்போது இது சரியான தேர்வு: வார நாள் மாலையில், கடலுக்குள் இறங்கும் எண்ணமே இல்லாமல், தென்னையின் கீழே உட்கார்ந்து அலையைப் பார்க்க. சர்ஃபிங்குக்கு இதைவிடச் சொத்தவிளையை நான் விரும்புவேன்.

## முட்டம்

நாகர்கோவிலிலிருந்து 16 கி.மீ. கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள். சினிமாக்காரர்கள் பல காலமாக இங்கே வந்துபோகிறார்கள் என்றால் வியப்பில்லை.

பாறை முனையைச் சுற்றி வளைந்து வரும் அலைக்கு மணற்கரை அலையிடம் இல்லாத ஓர் ஒழுங்கு உண்டு. அனுபவமுள்ளவர்களின் கண் அதைத்தான் தேடும். மேட்டிலிருந்து பார்த்தால் அலை எங்கே உடைகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெளிவாகத் தெரிவதும் முட்டத்துக்கே உரிய வசதி. மற்றக் கரைகளில் கடல் நம் கண்மட்டத்தில் இருப்பதால் எதுவும் புரிவதில்லை.

ஆனால் தண்ணீருக்கு மேலே தெரியும் பாறை ஒன்றென்றால் அடியில் தெரியாதது எத்தனை என்று வெளியூர்க்காரர் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர்கள் சிப்பி எடுப்பவர்கள்தான். முங்கி முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்தெடுப்பவர்களுக்கு ஒவ்வொரு பாறையும் பழக்கம். அவர்களில் ஒருவரைப் பார்த்தால், 'அண்ணே, இங்கே இறங்கலாமா' என்று கேட்காதீர்கள். தயவு காரணமாகவோ பொறுப்பேற்கத் தயங்கியோ பதில் மழுப்பலாக வரும். 'இழுப்பு எந்தப் பக்கம் போகிறது, கல் எங்கே கிடக்கிறது' என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

பாறையில் ஒட்டியிருக்கும் கூர்மையான ஓடுகள் காலைக் கிழிக்கும். பலகையின் அடிப்பாகம் ஒருமுறை உரசினாலே செலவுதான், அதைச் சரிசெய்யும் கடையும் இங்கே பக்கத்தில் கிடையாது. பாறையில் நின்று படம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே ஏறியிருக்கிறது என்று பொருள். ஈரமில்லாத இடத்துக்கும் இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

எப்போது இது சரியான தேர்வு: பல ஆண்டுகள் அலையில் பழகியவர், உள்ளூர் ஆள் ஒருவரின் துணை, சிறிய கடல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அந்தக் காட்சிக்காகவே வரலாம்.

## தேங்காய்ப்பட்டணம்

மார்த்தாண்டத்திலிருந்து தெற்கே இறங்கினால் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகம். கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பக்கம். ரயிலில் வந்தால் குழித்துறையில் இறங்கலாம். ஆறு, தென்னை, கடல் மூன்றும் ஒரே சட்டகத்தில் அடங்கும் இடம்.

இறங்குவதற்கு இந்த இடத்தை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. ஆற்று நீர் வெளியேறும் இடத்தில் அலையும் நீரோட்டமும் மோதிக்கொள்ளும். மணல் திட்டு வாரத்துக்கு ஒரு வடிவம் எடுக்கும். கூடவே மீன்பிடித் துறைமுகத்தின் கற்சுவர்கள். அந்தத் துறைமுகத்தின் நுழைவாயிலில் அலையில் சிக்கி வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். முகத்துவாரத்தைச் சீராக்கக் கோரி ஊர்மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். கடலையே தொழிலாகக் கொண்டவர்கள் எஞ்சின் பொருத்திய வள்ளத்தில் கடக்கத் திணறும் வாயில் அது. சுற்றுலா வந்தவர் பலகையோடு அங்கே இறங்குவது அவர்களுடைய வழியில் குறுக்கே நிற்பதும் ஆகும்.

மாலையில் பொழியோரம் நடக்கலாம், நல்ல மீன் சாப்பிடலாம். அவ்வளவுதான்.

## வட்டக்கோட்டை

இது மேற்குக் கரையே அல்ல. கன்னியாகுமரி முனையில் கரை வடகிழக்காகத் திரும்பிய பிறகு, ஆறேழு கி.மீ. தூரத்தில் இருக்கிறது. மார்த்தாண்டவர்மர் காலத்தில் கருங்கல்லில் கட்டப்பட்ட கோட்டை. மதில்மேல் நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மலைத்தொடரும் காற்றாலைகளும். தென்மேற்கிலிருந்து வரும் அலை முனையில் தடைபட்டு வளைந்து வருவதால், ஆனி ஆடியில் மேற்கே கடல் கொந்தளிக்கும்போதும் இந்தப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். நேர்மாறாக, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது இந்தப் பக்கத்துக் கடல் கலங்கும்.

சர்ஃபிங்குக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் குழுவில் நான்கு பேர் அலை கேட்டு, இரண்டு பேர் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தால், சண்டையில்லாமல் முடிக்க இந்த இடம் உதவும். விடியற்காலையில் நால்வரும் சொத்தவிளைக்குப் போகட்டும். மற்றவர்கள் இங்கே சூரிய உதயம் பார்க்கட்டும்.

## இன்னொரு வழி: வேறு இடத்தில் பழகிவிட்டு வருவது

பலகையில் ஒருமுறைகூட ஏறாதவர்களுக்கு இதுதான் என் பதில். வர்க்கலையிலும் கேரளக் கோவளத்திலும் சென்னைக் கோவளத்திலும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், பலகை வாடகைக்குக் கிடைக்கிறது, தண்ணீரில் உங்களைக் கவனிக்க ஒருவர் கூடவே நிற்பார். குமரியில் அப்படி வரிசையாகக் கடைகள் கிடையாது. பலகை இல்லாமல் வந்து, இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பயணம் வீண். நாகர்கோவிலில் ரயிலேறினால் வர்க்கலைக்கு ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு. தேவாலயம் நிற்கும் மணற்குன்றின் முனையைச் சுற்றி வரும் நீண்ட அலைக்காக அங்கே பலகைக்காரர்கள் வருகிறார்கள்.

அங்கே காசு அதிகம், கூட்டமும் இருக்கும் என்பார்கள். இருக்கும். ஆனால் காலிக் கரையில் தனியாக விழுந்து விழுந்து ஒருவர் கற்றுக்கொள்வதைவிட, கூட்டமான கரையில் பயிற்சியாளர் தள்ளிவிட்டு விரைவில் எழுந்து நிற்பது மலிவு. பலகையைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் வந்தால் அதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. திருவனந்தபுரத்தில் இறங்கி, பலகையை மேலே கட்டக்கூடிய வண்டி தேடிப் பிடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் பயிற்சிக் கட்டணம் பெரிதாகத் தெரியாது.

## எந்த மாதம், எந்தக் கிழமை

வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையைப் புரட்டிப்போடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று சீறும் மாதங்களும் இவைதான். அலை உயரமாக இருந்தாலும் காற்று அதைக் கலைத்துவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள சின்னமுட்டத்தில் நிற்கும் படகுகளுக்கோ கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். பெரிய மீன் சாப்பிடும் ஆசையோடு வருகிறவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளலாம்; அந்த நாட்களில் சாளையும் நெத்திலியும் மரச்சீனிக் கிழங்கும் போதும் என்றால் கவலையில்லை.

சித்திரை, வைகாசி கள்ளக்கடலுக்குப் பேர்போன மாதங்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது என்பது கெட்ட வாய்ப்பு. கார்த்திகை முதல் தை நடுப்பகுதி வரை கடல் இளகினாலும், ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரி வழியாகப் போவதால் அறை வாடகை ஏறும். கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களில் நாகர்கோவிலிலும் நெரிசல். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை நடக்கும் பத்து நாளும் குளச்சல் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். இவற்றை விலக்கிப் பார்த்தால் தை பிற்பகுதியும், கொடை நாட்கள் நீங்கலாக மாசி பங்குனியும் மிஞ்சுகின்றன. அலை பெரிதாக இருக்காது, ஆனால் வடிவாக வரும். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது அலையின் முகம் வழுவழுப்பாக நிற்கும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று திரும்பினால் குலைந்துவிடும். தண்ணீரில் சொறி எனப்படும் ஜெல்லி மீன் மிதக்கிறதா என்று கரையோரம் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒதுங்கிக் கிடக்கும் நாளில் வெறும் உடம்போடு இறங்கினால் அரிப்பு மாலை வரை நிற்காது.

கிழமையைப் பொறுத்தவரை, ஞாயிறு வேண்டாம். அன்று மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. காலையில் தேவாலயம், பிறகு கரையெல்லாம் ஊர்ப் பிள்ளைகள், மாலையில் நகரத்துக் குடும்பங்கள். வார நாள் காலையில் வள்ளங்கள் திரும்பி வரும் நேரமே நல்லது. கரையில் ஆள் இருப்பார்கள், அன்றைய கடல் எப்படி என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரமடி வலையை இழுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கயிற்றின் எல்லைக்குள் பலகையைக் கொண்டுபோகாதீர்கள். காயும் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். மீன் தரம் பிரிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உடை விஷயத்தில் வர்க்கலைக் கணக்கு இங்கே செல்லாது. தண்ணீரிலிருந்து ஏறியதும் மேலே ஒரு சட்டையோ துண்டோ போட்டுக்கொண்டால் ஊருக்கும் உங்களுக்கும் சங்கடமில்லை.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554, ஆம்புலன்ஸுக்கு 108: இந்த மூன்றையும் கரையில் இருப்பவரின் செல்பேசியில் பதிந்துவையுங்கள், தண்ணீருக்குள் போகிறவரின் செல்பேசியில் அல்ல. பெரிய அரசு மருத்துவமனை நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில். சொத்தவிளையிலிருந்து அங்கே போகும் தூரத்தையும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போகும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; நான் சொத்தவிளைப் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

## ஒரே ஒரு காலை மட்டும் இருந்தால்

மாசி மாதம், வார நாள், பலகையில் நிற்கத் தெரியும்: ஆறு மணிக்குச் சொத்தவிளை. நடந்து பார்த்து, கேட்டு, இறங்கி, ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடுங்கள். சாலையோரம் அக்கானி (பதநீர்) விற்றால் இரண்டு குவளை குடித்துவிட்டு முட்டம் போய் மேட்டிலிருந்து மட்டும் பாருங்கள்.

பலகை தெரியாது, கடலில் கால் நனைக்க வேண்டும் என்றால் வட்டக்கோட்டை. காதலியோ மனைவியோ படம் கேட்டால் கணபதிபுரம், செவ்வாயோ புதனோ, உலர்ந்த மணலில். ஆடியில்தான் விடுமுறை கிடைத்தது என்றால் கடலை விட்டுவிட்டு மேற்கே திற்பரப்பு அருவிக்கோ மாத்தூர்த் தொட்டிப் பாலத்துக்கோ போங்கள்; அந்த மாதத்தில் அருவியில் தண்ணீர் நன்றாக விழும். மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் கிளம்பும் நாளன்று எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் கேளுங்கள். இருந்தால் எந்தக் கரைக்கும் நான் வழி சொல்ல மாட்டேன்.